அத்தியாயம் 6: ஃபீனிக்ஸின் இரண்டு கோடைகள்

ஃபீனிக்ஸுக்கு வேலை மாறி வருகிறவர்களிடம் இங்கே பழகியவர்கள் முதலில் சொல்வது, "இது டிரை ஹீட்தான், அவ்வளவா தெரியாது" என்பது. பாதிதான் உண்மை. மே, ஜூன் மாதங்களுக்கு அது பொருந்தும். ஜூலை பிறந்ததும் பொய்த்துப்போகும். அரிசோனாவின் இந்தப் பாலைவன நகரத்துக்குக் கோடை இரண்டு பாகமாக வருகிறது. மே முதல் ஜூன் கடைசி வரை காற்றில் ஈரமே இல்லாத வறண்ட கோடை. அதன் பிறகு செப்டம்பர் வரை புழுதி, இடி, திடீர் மழை, புழுக்கம் எல்லாம் சேர்ந்த ஈரக் கோடை. இரண்டுக்கும் தனித்தனியாகத் திட்டம் போட வேண்டும். எது எப்போது நன்றாக இருக்கும் என்று தெரிந்துகொண்டால், புறநகர்களான சாண்ட்லரிலோ டெம்பியிலோ நான்கு மாதம் ஏ.சி. அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை.

வெயிலின் அளவை முதலில் பார்த்துவிடுவோம். ஜூன், ஜூலை மாதங்களின் பகல் உச்சம் சராசரியாகவே 105 முதல் 107 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் 41-ஐ ஒட்டி வரும். இதுவரை பதிவானதில் அதிகம், 1990 ஜூன் 26 அன்று அடித்த 122 டிகிரி (50 செல்சியஸ்). அன்று விமானங்கள் கிளம்புவதையே சிறிது நேரம் நிறுத்திவைத்தார்கள். அவ்வளவு சூட்டில் எத்தனை தூரம் ஓடினால் விமானம் மேலெழும் என்ற கணக்கு விமானிகளிடம் இருந்த அட்டவணையில் இல்லை. 2023-இல் தொடர்ந்து 31 நாள் பகல் உச்சம் 110 டிகிரிக்குக் (43 செல்சியஸ்) கீழே இறங்கவில்லை. 2024-இல் தொடர்ந்து 113 நாள் நூறு டிகிரியைத் தொட்டது. அந்த இரண்டு ஆண்டுகளிலும், ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோப்பா கவுண்டியில் ஆண்டுக்கு 600 பேருக்கு மேல் வெப்பம் தொடர்பான காரணங்களால் இறந்திருக்கிறார்கள். ஆகவே இந்த அத்தியாயத்தில் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கும் இடங்களில் பேரம் பேசாதீர்கள்.

கடிகாரத்தை மாற்றுங்கள்

அமெரிக்காவின் பெரும்பகுதி கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறது. அரிசோனா, நவஹோ மக்களின் பகுதி நீங்கலாக, 1968-இலிருந்து அதைச் செய்வதில்லை. மாலை வெயிலை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டிக்க இங்கே யாருக்கு ஆசை இருக்கும்? அதனால் ஜூனில் காலை 5.20-க்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும், மாலை 7.40-க்கு மறையும்.

ஊர்க்காரர்கள் இதற்கேற்ப நாளைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். நாலேமுக்கால் மணிக்கு நாயோடு நடப்பவர்களையும் சைக்கிள் ஓட்டுபவர்களையும் கால்வாய்க் கரைகளில் பார்க்கலாம். நகரத்துக்குள் ஓடும் இந்தக் கால்வாய்கள் பலவும், ஹோஹோகம் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய வாய்க்கால்களின் தடத்திலேயே செல்கின்றன. கரை சமதளம் என்பதால் குழந்தைகளும் ஓட்டலாம். ஏழரை மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மதியத்தை உள்ளே கழித்துவிட்டு, இருட்டிய பிறகு இரண்டாவது முறை வெளியே வாருங்கள். காலை மூன்று மணி நேரம், இரவு மூன்று மணி நேரம்: வெளியே இருக்க உங்களுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். அலுவலகம் ஒத்துழைத்தால் வேலையை ஆறு மணிக்கே தொடங்கி இரண்டு மணிக்கு முடிப்பது இன்னும் நல்லது.

மலையேற்றம் பற்றி ஒரு வார்த்தை. கேமல்பேக், பியஸ்டேவா சிகரம் ஆகிய இரண்டும் நகரத்துக்குள்ளேயே இருப்பதால், வெளியூர்க்காரர்கள் ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தீயணைப்புப் படை வந்து அவர்களைத் தூக்கிப் போகிறது. கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் இந்தப் பாதைகளை மாலை 5 மணி வரை நகராட்சியே மூடிவிடுகிறது. எச்சரிக்கை இல்லாத நாளிலும் கோடையில் கேமல்பேக் தேவையில்லை என்பதே என் கருத்து. அந்தி நேரத்தில் பப்பாகோ பூங்காவின் துளைப்பாறைக்குப் போங்கள். ஐந்து நிமிட ஏற்றம், நகரம் முழுக்கத் தெரியும்.

வறண்ட கோடை: மே, ஜூன்

இந்தப் பாகத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: நிழல் வேலை செய்யும். பிற்பகலில் ஈரப்பதம் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது, மர நிழலுக்கும் வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் சென்னையில் பார்க்க முடியாதது. உணவகங்களின் வெளித் திண்ணைகளில் நீர்த்திவலை தூவும் குழாய்கள் ஓடுவதும், பழைய வீடுகளின் கூரையில் உள்ள தண்ணீர்க் கூலர்கள் ஏ.சி.க்கு நிகராகக் குளிர்விப்பதும் இப்போதுதான். ஆகஸ்டில் அதே குழாய்க்குக் கீழே உட்கார்ந்தால் சட்டை நனைவதோடு சரி.

ஆற்றில் டியூபில் மிதப்பதற்கும் இதுதான் காலம். மேசா நகருக்கு வடகிழக்கே, டோண்டோ தேசிய வனத்துக்குள் சால்ட் ஆறு ஓடுகிறது. சகுவாரோ ஏரி அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் என்பதால், வெளியே 105 டிகிரி அடிக்கும்போதும் முதலில் கால் வைத்ததும் சிலிர்க்கும். பெரிய ரப்பர் டியூபை வாடகைக்குக் கொடுத்து, பஸ்ஸில் மேலே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். நீங்கள் மிதந்து கீழே வர வேண்டும். டியூபை வாங்கியதும் அதன் மேல் ஒரு பழைய போர்வையைக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் கறுப்பு ரப்பர் தொடையைப் பொசுக்கிவிடும். குடும்பமாகப் போனால் டியூப்களைக் கயிற்றால் இணைத்துக்கொள்ளலாம்; தண்ணீர்ப் பெட்டிக்கென்று தனியாக ஒரு டியூப். கண்ணாடிப் பாட்டிலுக்கு அனுமதி இல்லை, எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் இல்லை. ஆற்றுப்படுகை முழுக்கக் கல், ஆகவே கழன்றுபோகாத செருப்பு வேண்டும். நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டை போடுங்கள். வாரக் கடைசியில் கூச்சலும் பீருமாக இருக்கும். வார நாள் காலையில் போனால், கரையோரம் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பாசி மேயும் காட்டுக் குதிரைகளைப் பார்க்கலாம். அவற்றின் பக்கம் டியூபை ஓட்டாதீர்கள்.

ஜூன் கடைசியில் சகுவாரோ கள்ளியின் பழம் பழுக்கும். உச்சியில் தோல் வெடித்து உள்ளே சிவப்பாகத் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் பூ என்றே நினைப்பீர்கள். தெற்கு அரிசோனாவின் தோஹோனோ ஓதாம் மக்கள், காய்ந்த சகுவாரோவின் நரம்புகளைச் சேர்த்துக் கட்டிய நீளத் துரட்டியால் இதைப் பறிக்கிறார்கள். பழத்தைக் காய்ச்சிப் பாகு எடுத்து, அதைப் புளிக்கவைத்து, மழையை அழைக்கும் சடங்கில் குடிப்பார்கள். அவர்களுக்கு ஆண்டு பிறப்பதே இந்த அறுவடையோடுதான். சகுவாரோவுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பூங்காக்களில் கை வைக்கக் கூடாது. சொந்த நிலத்தில் கள்ளி வைத்திருக்கும் நண்பர் கூப்பிட்டால் மட்டும் துரட்டியோடு போங்கள்.

நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான மரம் மெஸ்கீட். தெருவோரத்தில் பார்த்ததும், "அட, சீமைக் கருவேலம்!" என்பீர்கள். சரிதான், அதே இனத்து உறவு. நம் ஊரில் வெட்டி எறியச் சொல்லி நீதிமன்றம் வரை போன மரத்தின் ஒன்றுவிட்ட சகோதரியை இங்கே காய்க்காகக் கொண்டாடுகிறார்கள். ஜூனில் காய்கள் மஞ்சளாகிச் சலசலக்கும்போது ஒன்றைப் பறித்து, இரண்டாக உடைத்து, மென்று பாருங்கள். விதையைக் கடிக்க வேண்டாம், கல்போல் இருக்கும்; சதைதான் இனிக்கும். மரத்துக்கு மரம் ருசி மாறும் என்பதால் மென்று பார்த்துப் பிடித்த மரத்தில் மட்டும் பறிப்பது வழக்கம். கீழே விழுந்ததைப் பொறுக்காதீர்கள். மழை தொடங்கிய பிறகும் பறிக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்து நச்சு சேரும். நன்றாகக் காயவைத்து மிக்ஸியில் அரைத்துச் சலித்தால், விதையும் நாரும் மேலே நிற்க, வெல்ல வாசனையுள்ள மாவு கீழே இறங்கும். கோதுமை மாவில் கால் பங்கு கலந்து சப்பாத்தி இடலாம். கஞ்சிக்கும் நன்றாகச் சேரும்.

மதியத்தை எங்கே கழிப்பது

மாலுக்குப் போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு வழிகாட்டி நூல் வேண்டியதில்லை. ஃபீனிக்ஸ் வடக்கில் 2010-இல் திறந்த இசைக்கருவி அருங்காட்சியகம் ஒரு முழு மதியத்தையும் விழுங்கிவிடும். சுமார் 200 நாடுகளின் கருவிகள் அங்கே இருக்கின்றன. தலையில் மாட்டிக்கொள்ள ஹெட்ஃபோன் தருகிறார்கள்; ஒரு நாட்டின் காட்சிப் பகுதியை நெருங்கினாலே அந்த இசை தானாகக் கேட்கத் தொடங்கும். கருவிகளை வாசித்துப் பார்க்கும் அறையில் குழந்தைகளை விட்டால் வெளியே வர மாட்டார்கள். பூர்வகுடி மக்களின் கலைக்கு ஹெர்ட் அருங்காட்சியகம், 1929-இலிருந்து இருக்கிறது. கலை அருங்காட்சியகத்தில் யாயோய் குசாமாவின் மின்மினி அறையைத் தவறவிடாதீர்கள்: இருட்டு, கண்ணாடிச் சுவர்கள், தொங்கும் சிறு விளக்குகள். வெளியே கண் கூசும் வெளிச்சத்திலிருந்து அதற்குள் நுழைவதே ஒரு சுகம்.

காசு செலவழிக்காத இடம் பர்ட்டன் பார் மைய நூலகம். ஐந்தாவது மாடியின் பெரிய வாசிப்பு அறையில், ஜூன் மாதத்தின் நீண்ட பகல் நாளன்று, சூரியன் உச்சிக்கு வரும் சுமார் 12.30 மணிக்குக் கூரைத் துளைகள் வழியாக ஒளி இறங்கித் தூண்களின் தலையில் விளக்கேற்றியதுபோல் விழும். அதைப் பார்க்கவே கூட்டம் வரும். முன்கூட்டியே போய் இடம் பிடியுங்கள்.

பேஸ்பால் புரியாவிட்டாலும் சேஸ் ஃபீல்டில் ஒரு ஆட்டம் பார்க்கலாம். 1998-இல் கட்டிய அந்த அரங்கின் கூரையை மூடி, மைதானம் முழுவதையும் ஏ.சி. போட்டுக் குளிர்விக்கிறார்கள். ஆடுகளத்துக்கு வெளியே ஒரு நீச்சல் குளமும் உண்டு.

தாகத்துக்கு மெக்சிகோக்காரர்களின் கடைகளைத் தேடுங்கள். 'தமரிந்தோ' என்று கேட்டால் புளிக் கரைசலில் சர்க்கரை போட்டுக் குளிரக் குளிரத் தருவார்கள். பானகத்திலிருந்து சுக்கையும் ஏலக்காயையும் எடுத்துவிட்டால் அதுதான். மாங்காய் பத்தைக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவி மெரினாவில் தின்ற நாக்குக்கு 'மாங்கோனாடா' உடனே பிடித்துவிடும்: மாம்பழமும் ஐஸும் அடித்து, புளிப்பும் காரமுமான ஒரு சாற்றை ஊற்றி, மேலே மிளகாய்ப்பொடி தூவித் தருகிறார்கள்.

ஈரக் கோடை: ஜூலை முதல் செப்டம்பர்

வானிலைத் துறை 2008-இலிருந்து ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரையிலான நாட்களை மழைக்காலமாகக் கணக்கில் வைத்திருக்கிறது. மழையோ பெரும்பாலும் ஜூலையில்தான் எட்டிப்பார்க்கும். அதையும் இங்கே 'மான்சூன்' என்றே சொல்கிறார்கள். நம் பருவமழையை மனதில் வைத்துக் குடையோடு காத்திருக்காதீர்கள். ஒரே மாலையில் உங்கள் தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் தூசி பறக்கும்.

என் பார்வையில் ஃபீனிக்ஸின் கோடையில் சிறந்த வேடிக்கை இதுதான். பிற்பகல் மூன்று மணிக்குக் கிழக்கே சூப்பர்ஸ்டிஷன் மலைகளுக்கு மேல் மேகம் குவியத் தொடங்கும். இருட்டும்போது அங்கே மின்னல் ஆடும். மேசா, கில்பர்ட், சாண்ட்லர் பக்கம் வீடு பார்க்கிறீர்கள் என்றால் கிழக்கு பார்த்த பால்கனி கிடைக்கிறதா என்று கேளுங்கள். மழை நெருங்கும்போது கிரியோசோட் புதரின் வாசனை ஊரையே நிரப்பும். அந்த வாசனைக்காகவே ஜன்னலைத் திறப்பவர்கள் உண்டு.

சில நாட்களில் மழைக்கு முன்னால் புழுதிச் சுவர் வரும். 2011 ஜூலை 5 அன்று வந்தது ஒரு மைல் உயரம் இருந்தது. வீட்டுக்குள் இருந்தால் கதவை மூடிவிட்டுப் பார்க்கலாம். வெளியே நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். இந்த மண்ணில் உள்ள ஒரு பூஞ்சை நுரையீரலில் 'வேலி ஃபீவர்' என்ற நோயை உண்டாக்கும். காரில் மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு எவ்வளவு தூரம் ஒதுங்க முடியுமோ ஒதுங்கி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால், பின்னால் வருபவர் அதையே சாலை என்று நம்பி வந்து மோதுவார்.

காய்ந்து கிடக்கும் ஓடைகள் பத்து நிமிடத்தில் ஆறாகும். தடுப்பு வைத்த சாலையில் வெள்ளத்துக்குள் காரை விட்டு மாட்டிக்கொண்டால், மீட்புச் செலவை உங்கள் தலையிலேயே கட்ட 1995-இலிருந்து சட்டம் இருக்கிறது. அதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர், 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்'.

ஈரக் கோடையின் இரவுகளில் புழுக்கம் உண்டு, ஆனால் உயிர்கள் நடமாடும். நகரின் 40-ஆம் தெருவும் கேமல்பேக் சாலையும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, கால்வாயை ஒட்டிய வெள்ள வடிகால் சுரங்கத்திலிருந்து சூரியன் மறைந்ததும் ஆயிரக்கணக்கான வௌவால்கள் புகைபோல் கிளம்பும். கட்டணம் இல்லை. புறநகரில் முதல் பெருமழை பெய்த இரவில், மாதக்கணக்காக மண்ணுக்குள் கிடந்த தேரைகள் வெளியே வந்து ஆட்டுக்குட்டிபோல் கத்தும். சோனோரன் பெருந்தேரையைக் கவ்வினால் நாய் செத்தும் போகலாம் என்பதால் நாய் வளர்ப்பவர்கள் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி, ஷூ போட்டுக்கொண்டு, கொல்லைச் சுவரில் அடித்துப் பாருங்கள். தேள்கள் பச்சையாக ஒளிரும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், உங்களுக்கும் எங்கெங்கே தேள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பாலைவனத் தாவரவியல் பூங்கா சில கோடை இரவுகளில் டார்ச்சோடு சுற்றிவர அனுமதிக்கிறது. இரவில் மட்டும் மலரும் கள்ளிப் பூக்களை அங்கே பார்க்கலாம்.

மேலே போங்கள்

ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர். 230 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். இரண்டரை மணி நேரம் காரில் போனால் 13 டிகிரி செல்சியஸ் குறையும், பைன் காடு வரும், இரவுக்குக் கம்பளி வேண்டியிருக்கும். ஃபிளாக்ஸ்டாஃப் 2001-இல் உலகின் முதல் இருள்வான நகரமாக அறிவிக்கப்பட்டது. 1930-இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவெல் வானாய்வகமும் அங்கேதான். ஒரு இரவாவது தங்கி அங்கே தொலைநோக்கியில் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் மதியம் இடி இறங்கும் என்பதால், மலை உச்சிக்குப் போகிறவர்கள் நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும்.

ஜூன் மாதம் காட்டுத்தீக் காலம். கிளம்பும் முன் வனப்பகுதி திறந்திருக்கிறதா, அடுப்பு மூட்ட அனுமதி உண்டா என்று பாருங்கள். வெள்ளி பிற்பகல் ஐ-17 நெடுஞ்சாலையில் ஃபீனிக்ஸே வடக்கு நோக்கி நகரும். வியாழன் இரவோ சனி விடியலிலோ கிளம்புங்கள். ஓக் கிரீக்கில் இயற்கையான பாறைச் சறுக்கல் உள்ள ஸ்லைடு ராக் பூங்காவில் காலையிலேயே பார்க்கிங் நிறைந்துவிடும். கிராண்ட் கேன்யன் விளிம்பு குளிர்ச்சி. ஆனால் உள்ளே இறங்க இறங்கச் சூடு ஏறும், அடியில் ஃபீனிக்ஸ் வெயில்தான். கோடையில் விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு ஸ்காட்ஸ்டேல் விடுதிகள். குளிர்காலத்தில் கிட்டவே நெருங்க முடியாத ரிசார்ட்டுகள் கோடையில் வாடகையை வெகுவாகக் குறைக்கும். உங்கள் அபார்ட்மென்ட் குளம் ஆகஸ்டில் வெந்நீர்த் தொட்டியாகிவிடும். தண்ணீரைக் குளிரூட்டி வைக்கும் குளம் உண்டா என்று கேட்டுவிட்டு அறை போடுங்கள்.

வீடும் காரும்

மின்கட்டணம் நேரத்தைப் பொறுத்தது. ஏ.பி.எஸ். நிறுவனத்தின் பல திட்டங்களில் வார நாட்களில் மாலை 4 முதல் 7 வரைதான் விலை அதிகம். இரண்டு மணியிலிருந்தே வீட்டை நன்றாகக் குளிரவைத்து, நான்கு மணிக்கு ஏ.சி.யை நாலைந்து டிகிரி உயர்த்திவிடுங்கள். துணி துவைப்பதும் இட்லி மாவு அரைப்பதும் ஏழுக்குப் பிறகு. கார் பேட்டரி இங்கே இரண்டு, மூன்று ஆண்டுதான் தாங்கும். மே மாதமே சோதித்துவிடுங்கள். சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கி குழந்தையின் தோலைச் சுடும், அதன் மேல் ஒரு துணி போடுங்கள். தோட்டக் குழாயைத் திறந்ததும் முதலில் வருவது கொதிநீர். தார்ச்சாலை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதால் தடுக்கி விழுந்தவர்கள்கூடத் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போகிறார்கள். மாரிகோப்பா ஊரின் மகா கணபதி கோயிலுக்கோ வேறு கோயிலுக்கோ பகலில் போவதானால் தடித்த சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப் பிராகாரத்தைச் சுற்றுவதை அந்திக்குத் தள்ளிவையுங்கள்.

பெற்றோர் வந்திருந்தால்

ஊரிலிருந்து வரும் அப்பாக்கள் பத்து மணிக்கு வாக்கிங் கிளம்புவார்கள். தடுத்தால், "வேலூர் வெயிலையே பார்த்தவன்டா நான்" என்பார்கள். வேலூரில் வியர்த்துக் கொட்டும்போது உடம்பே எச்சரிக்கும். இங்கே ஜூனில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால், தண்ணீர் வற்றுவது தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் உப்பு போட்ட நீர்மோர் கொடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தாலும் உடம்பில் உப்பு குறைந்து மயக்கம் வரும். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள், கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். பேச்சு குழறினாலோ, தடுமாறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ 911-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்ந்த நீரால் உடம்பை நனையுங்கள். ஏ.சி. பழுதாகி வீட்டில் இருக்க முடியாமல் போனால் 211-ஐ அழையுங்கள். அருகிலுள்ள குளிரூட்டு மையத்தைச் சொல்வார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒரு வேண்டுகோள். பள்ளி விடுமுறையைப் பார்த்துப் பெற்றோருக்கு ஜூனில் டிக்கெட் எடுக்காதீர்கள். நவம்பரில் எடுங்கள்.